வெட்டக் கூடாத இடைவெளி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘காது’. முகத்துக்கு நேரே மட்டும் ‘காது சார்’. சினிமாவுக்குக் காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் செய்து கொடுத்தே தலை நரைத்தவர். அந்தச் சத்தங்களைக் கணினியே கொடுக்கத் தொடங்கியபின் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வந்து சேர்ந்தார். அங்கே இருந்த மற்ற எல்லோருக்கும் அவருடைய மகள் வயது, மகன் வயது. கேமைக் கையில் கொடுத்தால் அவருடைய ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்க்கவே நாலு பேர் கூடுவார்கள். ஆனால் தண்ணீர்ச் சத்தம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் நடப்பது. கடலின் அடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். விளையாடுகிறவர் அங்கே பழுது பார்க்க இறங்கிய தொழிலாளி. இறங்கிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. சுவர்களில் பாசி போல ஏதோ படர்ந்திருக்கிறது. காணாமல் போனவர்களின் குரலில் அது பேசுகிறது. தலைக்கவசத்துக்குள் வரும் தொலைபேசி இணைப்பில் யாரோ ஒருவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த மூச்சைப் பின்தொடர்ந்து இருட்டுக்குள் நடப்பதுதான் கதை. முடிவில் ஓர் இரும்புக் கதவு. அந்தப் பக்கம் மூச்சு, இந்தப் பக்கம் விளையாடுகிறவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காற்றுக்குழாய். வால்வை மூடினால் இவர் பிழைப்பார், அந்த மூச்சு நிற்கும்.

காது கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியது கிடையாது. ஆனாலும் ஒலிவாங்கியை பலூனுக்குள் கட்டி வாளியில் முக்கி ஆழ்கடலைக் கொண்டுவந்துவிடுவார். பழைய ஃபிரிட்ஜ் கதவை மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் கடல் இரும்பை நெரிப்பது போல முனகும். அவருக்கு ஒரே ஒரு விதி உண்டு. பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆடக் கூடாது, அசையக் கூடாது. கொசு கடித்தாலும் கடிக்கட்டும். பழகிப் பழகி, சிவப்பு விளக்கைப் பார்த்தாலே அவர் உடம்பு தானாகக் கல்லாகிவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூச்சுதான் சரியாக அமையவில்லை. குரல் கொடுக்கிறவர்களை அழைத்து மூச்சுவிடச் சொன்னார்கள். எல்லாரும் நன்றாகத்தான் விட்டார்கள். கேட்டால் நடிப்பு என்று தெரிந்தது. சரியானது கிடைக்கும்வரை கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது அந்தத் தொழிலின் வழக்கம். கம்பெனிப் பிள்ளைகள் தற்காலிகமாகச் சேவல் கூவலைக்கூட வைப்பார்கள். காது, தன் மனைவியின் மூச்சை வைத்தார்.

மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். வாயாடி என்று பேர் வாங்கியவர். இப்போது மூக்கில் குழாய். ஆக்சிஜன் கருவி கூடத்தில் நிற்கும். நீளமான குழாய் படுக்கையறை வரை வரும். கருவி நாள் பூராவும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பதாலும் அது இல்லாமல் வீடு நடக்காது என்பதாலும் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது காது பதிவு செய்தார். தூங்கும் மனைவியிடம் அனுமதி கேட்க முடியுமா என்று அப்போது தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விழித்தபின் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேமில் அந்த மூச்சைக் கேட்ட எல்லாரும் மறுபடி போடச் சொன்னார்கள். கேமின் இயக்குநர் ஓர் இளைஞன், நல்ல பிள்ளை. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, பழைய சரக்கு என்று காது மழுப்பினார். தற்காலிகம் என்று வைத்தது நிரந்தரமாகிவிட்டது. இயக்குநர் அடுத்ததைக் கேட்டான். வால்வை மூடியதும் இந்த மூச்சு எப்படி நிற்கிறது என்று அவர் செய்து தர வேண்டும்.

காது உட்கார்ந்து பார்த்தார். வேறொரு சத்தமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இதில் கத்தரிக்க வேண்டிய இடத்துக்குக் கையைக் கொண்டுபோனால் கை வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டார். நாளை வருகிறேன், நாளை வருகிறேன் என்றே நாட்கள் போயின.

இயக்குநர் ஒரு பை ஆப்பிளுடன் நலம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டான். மனைவிதான் கதவைத் திறந்தார். நாலு எட்டு நடந்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஆப்பிளை நீட்டிய அவன் கை நீட்டியபடியே நின்றது. அவன் பார்வை அவருடைய நெஞ்சில் பதிந்தது. பிறகு மெல்லக் காதின் பக்கம் திரும்பியது. மனைவிக்குக் கண் கூர்மை. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கள்ள நோட்டு நீட்டுகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவர்.

“தம்பி ஏன் பேயைப் பார்த்த மாதிரி நிக்குது?”

அவன் ஒன்றும் இல்லை அம்மா என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்ததும் காது எல்லாவற்றையும் சொன்னார். கேம், கதவு, வால்வு, எல்லாம். மனைவி குறுக்கே பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் காதுக்குப் பயம்.

“என் மூச்சை வெச்சு ஊரைப் பயமுறுத்தறீங்களா? நான் சும்மா நின்னாலே பயப்படுவாங்களே,” என்றார் கடைசியில். பிறகு, “போடுங்க, கேக்கறேன்.”

கேமில் உள்ள துண்டைப் போட்டார். மனைவி தலையை ஆட்டினார். முழுதையும் போடச் சொன்னார். முழுதும் வேண்டாமே என்றார் காது. அவர் சொன்ன விதத்திலேயே மனைவி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முழுப் பதிவில் முதலில் சீரான மூச்சு. புரண்டு படுக்கும் சத்தம். தோளுக்கு அடியில் குழாய் மாட்டிக்கொள்கிறது. மூச்சு குறுகுகிறது, இழுக்கிறது, விசில் போல ஒரு கீச்சு. பிறகு அந்த இழுப்பும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அதன்பின் நாற்காலி விழுகிறது. ஓடும் கால்கள். “இதோ, இதோ வந்துட்டேன்” என்று காதின் குரல்.

மனைவி திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார்.

“நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?”

“அங்கதான். நாற்காலியில.”

“தூங்கிட்டீங்களா?”

பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது. “இல்ல,” என்றார் காது.

“ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

சிவப்பு விளக்கு எரிந்தது, உடம்பு அசையவில்லை, கல்லாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. எவ்வளவு நல்ல சத்தம் என்று அந்தக் கணத்தில் ஒரு நினைப்பு ஓடியது. அதையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கு முழுக்க மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டார். குழாயின் சிக்கலைத் தானே எடுத்தார். காது உதவப் போனபோது, கையை நகர்த்திக்கொண்டார். கூடத்தில் மாமியார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டே, “அந்தத் தம்பிகிட்ட முழுசையும் குடுங்க,” என்றார்.

காதுக்குப் புரியவில்லை.

“மூச்சை நிறுத்தற வேலை உங்களுக்கு வேண்டாம். வால்வை மூடறவங்க மூடிட்டுப் போகட்டும், அவங்களுக்கு எதுவும் கேக்க வேண்டாம். மூடாம நிக்கறவங்களுக்கு இது கேக்கட்டும். நாற்காலி விழற வரைக்கும்.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். “நடுவுல இருக்கற இடைவெளியை மட்டும் வெட்டக் கூடாது. ஒரு துளிகூட.”

காது வேலைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். இயக்குநர் எழுந்துபோய்க் கதை எழுதும் பெண்ணை அழைத்துவந்தான். அந்தப் பெண் முடிவை மாற்றி எழுதினாள். வால்வை மூடாமல் பொறுத்து நின்றால் கதவுக்கு அப்பால் மூச்சு திணறும்; அமைதி நீளும்; பிறகு எங்கிருந்தோ ஒருவர் ஓடி வருவார். கீழே தனியாக மாட்டிக்கொண்டவர் தனியாக இல்லை என்று அப்போதுதான் தெரியும். இரண்டு பேரும் பிழைக்கலாம். அந்த இடைவெளி மிக நீளம், பாதியாகக் குறைக்கலாமா என்று அவள் கேட்டாள். கூடாது என்றார் காது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. இயக்குநர் அவளைப் பார்த்த பார்வை அப்படி.

பிறகு வெளியாட்களை அழைத்து விளையாட வைத்துப் பார்த்தார்கள். காது பின்னால் நின்று அவர்களுடைய கைகளைக் கவனித்தார். ஒருவன் கதவை அடைந்த உடனேயே வால்வைத் திருகினான். ஒரு பெண் தயங்கினாள், மூச்சு இழுக்கத் தொடங்கியதும் கண்ணை இறுக்கிக்கொண்டு மூடினாள். இன்னொருவன் இடைவெளி தொடங்கி நெடுநேரம் பொறுத்தான். அவன், “கேம் நின்னுபோச்சு போல,” என்று முணுமுணுத்துவிட்டு வால்வை மூடினான்.

மாலையில் வீடு திரும்பினால் மனைவி தினமும் அதையே கேட்டார். தலையை உயர்த்தாமல், வெங்காயம் நறுக்கியபடியோ துணி மடித்தபடியோ கேட்பார்.

“இன்னிக்கு யாராவது காத்திருந்தாங்களா?”

“இல்ல.”

“ம்.”

கடைசி நாள் சோதனையும் முடிந்தது. அன்று வந்தவர்களிலும் ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. வாசலில் நின்றபோது, ஒருத்தி காத்திருந்தாள் என்று சொன்னால் என்ன என்று காதுக்குத் தோன்றியது. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஒரு பொய்யில் இந்த வீட்டுக்குக் கொஞ்சம் காற்று வரும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போனார்.

மனைவி கேட்டார்.

“இல்ல,” என்றார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த போர்வையின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினார். “பிடிங்க,” என்றார். காது பிடித்துக்கொண்டார்.