கழுவினாலும் போகாத நொதி

யூனிஸுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். 1979ஆம் வருஷம் மாம்பழப் பருவத்தில், திருப்பதியில் அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆய்வகத்தில் அப்படித்தான் இறங்கியது.

அவள் சித்தூர் மிஷன் பள்ளி வாத்தியார் நேசகுமாரின் மகள். மாம்பழக் கூழைத் தெளிந்த சாறாக்கும் நொதி, அதாவது என்சைம், ஒன்று உண்டு. விலை கூடிய சரக்கு. கூழில் கலந்தால் சாறோடு போய்விடும், மறுபடி கிடைக்காது. அதை நைலான் துணியில் பிணைத்துவிட்டால் சாறு மட்டும் வழிந்துபோகும். நொதி துணியிலேயே தங்கும். நகரி விசைத்தறியில் வாங்கிய நைலானை அவள் அமிலத்தில் ஊறவைத்து, கண்ணெரியும் மருந்தொன்றில் நனைத்து, அதன்மேல் நொதியைப் பிடிக்கவைத்தாள். உப்புநீரில் எத்தனை தடவை அலசினாலும் அது விடவில்லை. ஒரே குறை, அந்தத் துணியில் சாறு மெதுவாகத்தான் தெளிந்தது.

ஆய்வு வழிகாட்டியான ஏகாம்பரத்துக்கு அந்த மந்தம் பிடிக்கவில்லை. கூழ் ஆலை முதலாளி செங்கல்வராயன் நொதித் துணியைப் பார்க்க வந்த அன்று, கண்ணாடிக் குழாயில் இருந்த துணியைக் கண்டதும் யூனிஸுக்குத் திக்கென்றது. அவள் பிணைத்த துணி அல்ல அது. வெறுமனே நொதிக் கரைசலில் முக்கி எடுத்த துணி.

"சார், இது கழுவினா போயிடும்," என்றாள் ஏகாம்பரத்திடம், தாழ்ந்த குரலில்.

"உன்னுது சொட்டுச் சொட்டா வர்ற வரைக்கும் அவரு உக்காந்துக்கினு இருப்பாரா? சும்மா இரு."

கூழ்த்தண்ணீரை ஊற்றினார்கள். சாறு பளிச்சென்று இறங்கியது. செங்கல்வராயன் முகம் மலர்ந்தார். "எத்தினி வாட்டி ஓடும் சார்?"

"நூறு வாட்டி," என்றார் ஏகாம்பரம், கண் இமைக்காமல்.

யூனிஸ் முதலாளி பக்கம் திரும்பினாள். "அய்யா, அதே துணியில இன்னொரு வாட்டி ஊத்தச் சொல்லுங்க," என்றாள்.

முதலாளி கேட்டபின் மறுக்க முடியவில்லை. இரண்டாம் தடவை சாறு கலங்கி வந்தது. மூன்றாம் தடவை ஊற்றியது ஊற்றினபடியே இறங்கியது.

"என்சைம் துணியில ஒட்டவே இல்லைங்க அய்யா. மொத வாட்டியே சாறோட போயிடுச்சு. ஒட்டின துணி என்கிட்ட இருக்குது, பாருங்க."

செங்கல்வராயன் பார்க்கவில்லை. "இன்னா சார், என்னை வெச்சி வெளையாடறீங்களா?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். பொய்யைப் போலவே மெய்யையும் அவர் தள்ளிவிட்டுப் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் அவள் குளிர்பெட்டியில் வைத்திருந்த துணிகள் எல்லாம் கழுவுதொட்டியில் கிடந்தன, வெந்நீர் ஊற்றப்பட்டு, நொதி செத்து. மாதக்கணக்கான உழைப்பு. "பொம்பள புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆவாது. இனிமே லேப் பக்கம் வராதே," என்றார் ஏகாம்பரம்.

சித்தூர் வீட்டில் நேசகுமார் பதறினார். "பெரிய மனுசன்கிட்ட ஏம்மா சண்டை? ஒரு மன்னிப்பு கேட்டுடு."

"இன்னாத்துக்கு நைனா? பொய் சொன்னது அவரு. மன்னிப்பு நான் கேக்கணுமா?"

 காலையில் நேசகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு திருப்பதி பஸ் ஏறினார். சபைக் கூட்டத்தில்கூட எழுந்து பேசாத மனிதர், துறைத் தலைவர் முன்னால் உட்காராமல் நின்றார். "என் பொண்ணு சொன்னது பொய்யின்னு யாராவது சொல்லுங்க சார். இப்பவே இட்டுக்கினு போயிடறேன்."

 அவளை ஜெயசீலி என்ற பேராசிரியையிடம் மாற்றினார்கள். ஏகாம்பரத்திடம் ஒரு சின்னக் கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் அதே நாற்காலியில் இருந்தார். யூனிஸ் முதலிலிருந்து துணி நனைத்தாள்.

மூன்று வருஷம் பிந்தி ஆய்வேடு முடிந்தது. முக்கின துணி எப்படித் தோற்றது என்பதற்கு அதில் ஓர் அத்தியாயம் வைத்திருந்தாள். "இதை எடுத்துடேன், எதுக்கு வம்பு?" என்றார் ஜெயசீலி, அன்பாகத்தான்.

"எடுக்கமாட்டேன் மேடம். நாளைக்கு இன்னொருத்தர் முக்கின துணியை ஒட்டின துணின்னு வித்தா?"

அத்தியாயம் நின்றது. பட்டமும் வந்தது. அன்று வராந்தாவில் ஏகாம்பரம் எதிரே வந்து, ஒன்றுமே நடக்காதவர்போல் கை நீட்டினார். யூனிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கோபம் தணியவில்லை. தணியவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.