மாத்திரைச் சூட்டுக்கு ஒரு டம்ளர் பால்

அப்பாவின் கையை நடுங்க வைக்கும் புரதத்தைப் பற்றிய அந்தக் கட்டுரையை, கல்லூரியிலிருந்து மாரண்டஹள்ளி திரும்பும் பஸ்ஸில்தான் படித்தேன். பார்க்கின்சன் நோயில், மூளை செல்லுக்குள் ஒரு புரதம் வடிவம் கெட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகத் திரள்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். அந்தத் திரள் சும்மா கிடக்கும் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். சோதனைக் குழாயில் அது நொதியைப் போல வேலை செய்கிறதாம், பக்கத்தில் வரும் சில மூலக்கூறுகளை உடைக்கிறதாம். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறவளுக்கு இது போதாதா? பாலக்கோடு தாண்டுவதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன். என்ன அழகான வினை! யார் தலைக்குள் நடக்கிறது என்பது பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது.

எங்கள் மாட்டை அப்பாதான் கறப்பார். இரண்டு வருடமாக அவர் வலது கை இறுகிப்போய், காம்பைப் பிடித்தால் விரல் மடங்குவதில்லை; அம்மாதான் கறக்கிறாள். மறுபடியும் தன் கையால் கறக்க வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் படித்ததை எல்லாம் கொட்டினேன்.

“பால் திரியற மாதிரியா?” என்றாள் அம்மா.

“அப்படித்தாம்மா. ஆனா இங்க திரிஞ்சது சும்மா இல்ல, வேல செய்யுது.”

“உங்கப்பன விட மேலு.”

அப்பா சிரித்தார். “அப்ப அதயே கறக்கச் சொல்லு.”

அப்படியே அம்மா மாத்திரையையும் ஒரு டம்ளர் பாலையும் அவரிடம் நீட்டினாள். மாத்திரை சூடு, பால் குடித்தால்தான் உடம்பு தாங்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, நல்ல கெட்டிப் பால். நான் வீட்டில் இருந்தால் புரதச்சத்து சேரட்டும் என்று இன்னும் அரை டம்ளர் ஊற்றுவேன்.

அடுத்த வாரம் அந்த மாத்திரையைப் பற்றியும் தேடிப் படித்தேன். உணவில் உள்ள புரதமும் அந்த மருந்தும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். புரதம் முந்திக்கொண்டால் மருந்து வெளியே நிற்கும். மருந்தை வெளியே நிறுத்தியது நாங்கள் ஊற்றிய பால்தான். மாத்திரை எழுதிக்கொடுத்த தருமபுரி டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

“பாலோடயா குடுக்கறீங்க?” என்றார் அவர். “நான் கேக்கவே இல்லையே. தண்ணியில குடுங்க, சாப்பாட்டுக்கு அர மணி நேரம் முன்னாடி.”

நான்காம் நாள் காலை அப்பா கறந்தார். சொம்பில் நுரை ஏறும் சத்தம் கேட்டதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கல்லூரித் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். நோயையே பிடித்துக் கட்டிவிட்டது போல ஒரு திமிர் எனக்கு.

ஐந்து மாதம் போனது. பிறகு மாத்திரையின் பலம் சீக்கிரமே தீர ஆரம்பித்தது. டாக்டரம்மா அளவைக் கூட்டினார், வேளையைக் கூட்டினார். போன ஞாயிறு, பாதி கறக்கும்போது அப்பாவின் விரல்கள் காம்பிலேயே இறுகிவிட்டன. மாடு உதைத்தது, சொம்பு உருண்டது. நான் ஓடிப்போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.

“மாத்திரய தண்ணியிலதானப்பா போட்ட? நேரத்துக்குத்தான?”

“எல்லாம் நீ சொன்னபடிதான் பாப்பா.”

வேறு என்ன தப்பு செய்கிறோம் என்று அன்று காலை முழுக்கத் தேடினேன். அரிசி, ராகி, பருப்பு, தூக்கம், எதையும் விடவில்லை. திருத்துவதற்கு ஒரு தப்புகூட மிச்சமில்லை.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் அப்பா கேட்டார்: “அந்தத் திரிஞ்சது வேல செய்யுதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்கல்ல? நிறுத்த வழி கண்டுபுடிக்கலயா?”

மூளைக்குள்ளும் அது அதே வேலையைத்தான் செய்கிறதா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

“இல்லப்பா.”

“சரி” என்று வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். மாடு மடி கனத்துக் கத்தியது. எனக்குக் கறக்க வராது. அம்மா வரட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.