ஒட்டிக்கொண்ட பக்கம்

தேசிய கார் ராலி சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை எழுதுகிறேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன பழைய நேவிகேட்டர் ஒருவரைத் தேடி சாத்தாங்காடு போனேன். இரும்பு மார்க்கெட் எடைமேடையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கழுத்தில் நீளமான தழும்பு. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தாலும், சீட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே புரட்டினார்.

“கடைசி ராலியில என்ன ஆச்சு சார்?”

“வளைவெல்லாம் எழுதின நோட்ட நான்தான் படிச்சிகினு வந்தேன் நைனா. ரெண்டு பக்கம் ஒட்டிகினு இருந்திச்சி, பாக்கல, நடுவுல இருந்த வளைவு பூட்ச்சி. ‘ரோடு நேரா கீது, அமுக்கு’ன்னேன். டிரைவரு அமுக்கினான். அவன் இல்ல, நான் கீறேன்.”

என்னிடமிருந்த பழைய விபத்து அறிக்கையில் ‘டிரைவரின் தவறு’ என்றுதான் இருந்தது. நீட்டினேன். படிக்கும் முன் அதையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒற்றைத் தாள்தான்.