பெண்களுக்குத் திறக்காத கேட்டு

மலாயாவில், பகாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆயாக் கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. தாய்மார்கள் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போனதும் அவர்களுடைய கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவசரகாலத்தில் நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. வேலிக்கு ஒரே கேட்டு, அதில் காவல்.

வேலி போட்ட மறுநாள்

காலையில் மரம் வெட்டி முடித்தால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிச் சேர நேரமாகும். அந்த இடைவேளையில் ஆண்கள் காப்பி குடிக்க லயத்துக்கு வருவார்கள். பெண்கள் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று ஆண்கள் மட்டும் வந்தார்கள். பெண்கள் கம்பிக்கு வெளியிலேயே நின்றார்கள்.

வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும். ஆண்களைக் காவல்காரரே சோதிப்பார். பெண்களைச் சோதிக்கும் அம்மா, காலையில் எல்லாரும் வேலைக்குப் போனதும் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். உள்ளே வந்த பெண் அன்றைக்கு மறுபடி வெளியே போக முடியாது. மங்கில் சேர்ந்த பாலை எடுக்காவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது.

பிள்ளைகள் வீறிட்டு அழுதன. அஞ்சலையின் மகனைத் தூக்கிக்கொண்டு கம்பியருகே போனேன். காவலுக்கு நின்றவர் தடுத்தார்.

"கம்பி வழியா எதுவும் கைமாறக் கூடாது."

"புள்ளதானேப்பா?"

"எதுவும்னா எதுவும்தான்லா. போங்க."

அஞ்சலை அந்தப் பக்கம் நின்று மகனையே பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள்.

மண்டோரிடம் பேசினோம்

அஞ்சலையின் புருஷன், மகன் பிறக்கும் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டான். அவள் பேர் வேலையில் இருந்தால்தான் தோட்டத்து வீடு. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைப் போய்ப் பார்த்தோம்.

"மண்டோரய்யா, சோதிக்கிற அம்மாவ கொஞ்ச நேரம் கூட நிக்கச் சொல்லுங்க. புள்ளைக்கு ஒரு வேள குடுத்துட்டு ஓடிர்றோம்" என்றாள் அஞ்சலை.

"ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டேன்மா. தொர முடியாதுன்னுட்டாராம். கைப்புள்ளக்காரிங்க வீட்டுல இருக்கட்டுமாம்."

"புருஷன் உள்ளவ இருப்பா. நான் நின்னா வீட்ட விட்டு வைப்பீங்களா?"

"அது என் கையில இல்ல" என்றார் மண்டோர்.

பல தாய்மார்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். 'பிள்ளை பிறந்தால் பெண்களுக்கு வேலையில் நாட்டம் இருக்காது' என்று கிராணி சொல்லித் திரிந்தார். அஞ்சலை மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் அவள் மகனுக்குச் சீனித்தண்ணீரும் கஞ்சித்தண்ணீரும் கொடுத்தேன். வயிற்றுப்போக்கு வந்து பிள்ளை வாடிப்போனது. கடைசியில் மந்தின் ஊரில் இருந்த அவள் நாத்தனார் வந்து தூக்கிப்போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

"அங்க ஆட்டுப்பால் கெடைக்கும்க்கா" என்றாள் அஞ்சலை. அழவில்லை.

ஆள் போதவில்லை

பிறகு இளவட்டங்கள் ஒவ்வொருவராக ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் சம்பளம் கூட. வெட்ட ஆளில்லாமல் மரங்கள் நின்றன. கிராணியே லயத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

"கைப்புள்ளக்காரிங்க எல்லாரும் நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. பத்து மணிக்குக் கேட்டு தொறக்கும். சோதிக்க லயத்துப் பொம்பள ஒருத்தியையே போட்டாச்சு."

அவ்வளவுதான் காரியம். துரை முடியாது என்று சொன்னது இதைத்தான்.

மறுநாள் தாய்மார்கள் ஓடிவந்தார்கள். கொட்டகை முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அஞ்சலை வரவில்லை. வேலை முடிந்து வந்தவளிடம், மகனைக் கூட்டி வந்துவிடேன் என்றேன்.

"போன வாரம் போனேன்க்கா. என்னப் பாத்து அழுதுட்டு அவ தோள்ல சாஞ்சிக்கிட்டான். எனக்கும் பால் வத்திப் போச்சு. கூட்டியாந்து என்ன செய்ய?"

அதற்குப் பிறகும் நெடுங்காலம் அவள் அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மகன் கடைசிவரை அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டான்.

இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முடியாது என்று மேலிடம் சொன்னால், வழியில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு நீங்கள் தேவையில்லை என்று பொருள்.