சவரக்கத்திக்காரனுக்காக வாதாடிய அருளம்பலம் அண்ணை

செய்தி வந்தபோது வில்லியே லே பெல் நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். மருத்துவமனையில் இருக்கும் அருளம்பலம் அண்ணையைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். பையில் அவருக்குத் தின்ன வாய்ப்பன் இருந்தது. அவரைத் தோற்கடிக்க ஒரு புது வாதமும் கைவசம் இருந்தது. "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்று தொலைபேசியில் சொன்னார் அவருடைய மனைவி. ரயில் வந்து நின்று போய்விட்டது. அடுத்ததில் ஏறினேன், வேறெங்கே போவதென்று தெரியாமல்.

நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அவரை அறியாதவர்கள் குறைவு. அகதி மனு விசாரணைகளில் நம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய மிக மோசமான நாட்களைப் பிரெஞ்சில் சொன்ன குரல் அவருடையது. மனுதாரர் தடுமாறினால் அவரும் அதே இடத்தில் தடுமாறுவார். இதனால் சிலருக்கு அவர்மீது கோபமும் உண்டு. "அவன் இழுத்துச் சொன்னதை நான் நேராக்கிச் சொன்னால் அது என்ரை சாட்சி, அவன்ரை இல்லை" என்பார். இந்தப் பிடிவாதத்தோடுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கும் வந்து உட்காருவார்.

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் ஒரு தேநீர்க்கடையின் பின்பக்கம் அந்த மேசை. நாலைந்து பேர் கூடி, வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். ஒருமுறை லண்டனில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த அண்ணை, கோபத்தோடு வந்து உட்கார்ந்தார். விக்டோரியா மகாராணி காலத்தில் வைட்சப்பல் பகுதியில் ஏழைப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தத் தெருக்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவர், போலந்திலிருந்து பிழைக்க வந்த ஒரு யூத முடிதிருத்துபவன்தான் கொலைகாரன் என்று நடித்தே காட்டினாராம். "ஒரு பைத்தியக்கார ஏழையை டிக்கெட் போட்டு விக்கிறாங்கள்" என்றார் அண்ணை. அன்று தொடங்கியது வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட அந்த முடிதிருத்துபவனுக்காக அவர் வாதாடினார். நான் எதிர்த்தரப்பு.

என் பக்கம் பலமாகத்தான் இருந்தது. அவன் அந்தத் தெருக்களிலேயே குடியிருந்தவன். சவரக்கத்தி பிடித்த கை. பிறகு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டவன். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் கண்ட ஒருவன் அவனைப் பார்த்தவுடனேயே அடையாளம் காட்டினான், தன் இனத்தவன் என்பதால் சாட்சி சொல்ல மட்டும் மறுத்துவிட்டான் என்று ஒரு பெரிய பொலிஸ் அதிகாரியே எழுதியிருக்கிறார். அண்ணை கேட்கும் நல்ல காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்பார்.

"கண்டவன் எந்த வெளிச்சத்திலை கண்டவன் ஐசே? எத்தனை நேரம்? அடையாளம் காட்டினது எப்ப? அதிகாரி எழுதினது எத்தனை வருசம் கழிச்சு? கடைசிக் கொலைக்கும் இவனை அடைச்சதுக்கும் இடையிலை ரெண்டு வருசத்துக்கு மேலை. அவ்வளவு காலமும் சும்மாவோ இருந்தவன்?"

"பயத்திலை அடங்கி இருந்திருப்பான்."

"அதுக்கு ஆதாரம்?"

சில வருடங்களுக்கு முன்பு, கொலை நடந்த இடத்தில் கிடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சால்வையில் மரபணு கண்டெடுத்து வழக்கையே முடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பத்திரிகையும் கையுமாக ஓடினேன். "முடிஞ்சுது அண்ணை! இனி என்ன சொல்லப்போறியள்?" அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "அந்தச் சால்வை அங்கைதான் கிடந்ததெண்டு அண்டைக்கு ஆர் எழுதி வைச்சவை? அதுக்குப் பிறகு எத்தனை பேர்ரை கை பட்டிருக்கும்?" பத்திரிகையை மேசையில் எறிந்துவிட்டு எழுந்து போனேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும். லண்டன்காரன் வெறும் சாட்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வழக்கு இருந்தது.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் ஆண்களை வரிசையாக நடத்துவார்கள். ஜீப்புக்குள் தலையைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆள் முகாமுக்கு. தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். என் மூத்த அண்ணன் குகனுக்கு நேரே அந்தத் தலை ஆடியது. அவன் திரும்பி வரவேயில்லை. அவனுக்கு அடுத்து நின்ற அருளம்பலம் அண்ணைக்கும் ஆடியது. அவர் ஒரு காது செவிடாகி வெளியே வந்தார். மார்க்ஸ் டோர்மோயில் சலூன் வைத்திருக்கும் வசந்தன்தான் அந்தத் தலையாட்டி என்பது இங்கே நெடுங்கால ஊர்ப்பேச்சு. எங்கள் வயதுக்காரர்கள் அவன் சலூன் வாசலை மிதிப்பதில்லை. அருளம்பலம் அண்ணை மட்டும் மாதாமாதம் போய் அவனிடம் சவரம் செய்துகொள்வார்.

ஒரு தேர்த் திருவிழாவில், பஜோல் தெருவில் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்த நேரம், வசந்தன் நீட்டிய மோரை அவர் வாங்கிக் குடிப்பதைக் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்கள் அவனை மன்னிச்சிட்டியளோ?"

"மன்னிக்கிறதெண்டால் முதல் அவன் செய்திருக்கோணும்" என்றார். "அவன்தான் செய்தவன் எண்டு எனக்குத் தெரியாது."

"அவனையே கேட்டுப் பாக்கிறதுதானே?"

"செய்தவனும் இல்லையெண்டுதான் சொல்லுவான், செய்யாதவனும் இல்லையெண்டுதான் சொல்லுவான். கேட்டு என்ன செய்ய?"

சாக்கு ஓட்டைக்குள் இருந்த அந்தக் கண்களை அவ்வளவு அருகில் கண்டு உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அவன்தான் என்று அவர் ஒரு 'ஓம்' சொன்னால் போதும், என் அண்ணனுக்கு ஒரு கணக்குத் தீரும் என்று இத்தனை வருடமும் காத்திருந்தேன். லண்டன் வழக்கில் ஒரு தடவை தோற்றாரென்றால் இதிலும் இறங்கி வருவார் என்பது என் நப்பாசை. அவர் தோற்கவேயில்லை.

போன மாதம் மருத்துவமனையில் நானும் அவரும் தனியாக இருந்தோம். முகம் வற்றித் தாடி வளர்ந்திருந்தது. அவராகவே சொன்னார்.

"நான் அவனை நம்பிப் போறன் எண்டுதானே நினைக்கிறீர்? சவரம் செய்யேக்கை கண்ணாடியிலை அவன்ரை கண்ணைப் பாத்துக்கொண்டுதான் இருப்பன். சில மாசம் அவன்தான் எண்டு படும். சில மாசம் இவனில்லை எண்டு படும். இதை வைச்சுக்கொண்டு ஒருத்தனைத் தூக்கிலை போடலாமோ, ஐசே?"

அத்தனை மாதங்களும் அவர் அந்த நாற்காலியில் கழுத்தைக் கொடுத்துவிட்டு விசாரணை நடத்தியிருக்கிறார். தாங்க முடியாமல் வெளியே வந்து அழுதேன்.

பிரேத அறையில் அவருடைய மனைவி, "தாடியோடை இவரை அனுப்பேலாது. வசந்தனைக் கூப்பிடுங்கோ" என்றார். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நானே தொலைபேசி எடுத்தேன். வசந்தன் வந்தான். தண்ணீர்ப் பாத்திரத்தை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடித்தேன். அவன் குனிந்து, உயிரோடு இருப்பவருக்குச் செய்வதுபோலவே, தாடையைத் தொட்டு மெதுவாகத் திருப்பினான். அவன் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவை கலங்கியிருந்தன. குற்றம் செய்தவனும் அழுவான், செய்யாதவனும் அழுவான். அவன் கத்தியைக் கழுவப் பாத்திரத்தை நீட்டினேன்.

வெளியே வந்ததும் எங்கள் தெருக் கடைக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்தனீங்கள். சொல்லுங்கோ, இவன்தானே அவன்?"

இத்தனை காலமும் இந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லி வந்தவன் நான்.

"தெரியாது" என்றேன்.

அருளம்பலம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல் ஒன்றுதான். வீட்டுச் சுவரில் குகன் அண்ணன் படமாக இருக்கிறான். அவனிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.