சைபரை மறைத்த சந்தனம்

சென்டிமீட்டரைக் கண்ணால் பார்க்காமலேயே அதில் எண்பது மார்க் வாங்கிய பையன்களை நான் திருத்தணியில்தான் பார்த்தேன். இப்போது சயன்ஸ் வாத்தியாராகச் சேருகிறவர்கள் சாமான் இல்லை, லாப் இல்லை என்று மூக்கால் அழுகிறார்கள். எங்கள் ஸ்கூலில் எல்லாம் இருந்தது. பூட்டி இருந்தது.

அலமாரி தரிசனம்

யுத்த காலம். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஹெட்மாஸ்டர் என்னை அழைத்துப்போய்க் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். உள்ளே ஒரு மீட்டர் ஸ்கேல், தராசு, எடைப்பெட்டி, தெர்மாமீட்டர். மூலவரைக் காட்டுகிற மாதிரி என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்துத்தான் காட்டினார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"எடுத்தா ஒடையும் சார். ஒடஞ்சா சண்டை முடியுற வரைக்கும் வேற வராது. ஆடிட்டுல மாட்டிக்கிறது நானு. போர்டுல வரைஞ்சு காட்டுங்க, போதும்."

வருஷத்தில் ஆயுத பூஜையன்று மட்டும் அலமாரி திறக்கும். பியூன் முனுசாமி ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். ஹெட்மாஸ்டர் கற்பூரம் காட்டுவார். மறுபடி பூட்டு.

ஆகவே நான் போர்டில் சாக்பீஸால் ஸ்கேல் வரைந்தேன். பையன்கள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு, பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்று கத்தினார்கள். அந்த ஊரில் துணிக்குக் கஜம், பூவுக்கு முழம், நெல்லுக்கு மரக்கால். சென்டிமீட்டர் யாருக்கு வேண்டும்? ஒரு நாள், ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருவன் இரண்டு கையையும் அகல விரித்தான். முன் பெஞ்சுக்காரன் அவனைப் பார்த்துக் கேலியாகச் சிரித்துவிட்டு, ஒரு சாண் காட்டினான்.

கொளுத்தாத மெழுகுவர்த்தி

அளப்பது கிடக்கட்டும், முதலில் பார்க்கக் கற்றுக்கொடுப்போம் என்று நினைத்தேன். வீட்டிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து மேஜைமேல் நிறுத்தி, "உற்றுப் பார்த்து, பார்த்ததை எழுதுங்கள்" என்றேன். அப்புறம்தான் தீப்பெட்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. முனுசாமியைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன்.

அவர் பீடி குடித்துவிட்டு ஆடி அசைந்து வருவதற்குள் பையன்கள் எழுதி முடித்திருந்தார்கள். சுடரின் அடி நீலம், நடு மஞ்சள் என்று பாதிப்பேர். தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு ஒளி தரும் தியாகி என்று மீதிப்பேர். தமிழ் வாத்தியார் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். மெழுகுவர்த்தி எரியவில்லை என்று ஒரு பயலும் எழுதவில்லை.

வகுப்பில் ஓயாமல் வாயடிக்கிறவன் கோதண்டன், பள்ளிப்பட்டு நெசவுக்காரர் மகன். அவனை எழுப்பி, எரியாத திரியில் நீலத்தை எங்கேடா கண்டாய் என்று கேட்டேன்.

"புக்குல எரியுது சார். எரியலன்னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பயல் கேட்டது நியாயம். போடமாட்டார்கள். "என் வகுப்பில் போடுவேன். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னால் முழு மார்க்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

இன்ஸ்பெக்ஷன்

அந்த வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் என்னைப் பர்மனென்ட் செய்வார்கள். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் புரொபேஷன், அதற்கப்புறம் வீட்டுக்கே அனுப்பினாலும் கேட்க நாதியில்லை.

ஹெட்மாஸ்டர் அலமாரியைத் திறந்தார். மீட்டர் ஸ்கேலின் ஒரு முனையில் பல வருஷத்துச் சந்தனம் காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. சைபரும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த முதல் கோடே இரண்டு. நான் ஈரத்துணி கேட்டேன்.

"இன்னா சார் நீங்க, சாமிக்கு வெச்ச சந்தனத்தத் தொடைக்கிறதா? இன்ஸ்பெக்டரு மலைக்குப் போய் தரிசனம் பண்ணிட்டு வர்றாரு. அவர் கண்ணுல படட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

சந்தனம் முடிகிற இடத்தை மேஜை ஓரத்தில் வைத்து அவரே அகலத்தை அளந்தார். அறுபத்திரண்டு. என் அடிக்கோலால் இன்ச்சில் அளந்து சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் அறுபதுதான் வந்தது. சொன்னேன். சீமையிலிருந்து வந்த ஸ்கேல் பொய் சொல்லுமா என்று கேட்டுவிட்டு, அறுபத்திரண்டைப் பையன்கள் எல்லோருக்கும் நெட்டுரு போடவைத்தார். ரிப்போர்ட்டில் நாலு நல்ல வார்த்தை வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று என்னிடம் தனியாகவும் சொல்லிவைத்தார்.

இன்ஸ்பெக்டர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பையன்களை அழைத்து மேஜையை அளக்கச் சொன்னார். முதல் பையன் ஸ்கேலை வைக்கும்போதே அறுபத்திரண்டு என்றான். இரண்டாமவன் வைக்கவே இல்லை, நேராகச் சொல்லிவிட்டான். இன்ஸ்பெக்டர் தாமே ஒரு முறை அளந்து பார்த்து, "வெரி அக்யூரேட்" என்றார். ஹெட்மாஸ்டருக்கு முகமெல்லாம் பல்.

அடுத்து கோதண்டனைக் கூப்பிட்டார். அவன் ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். வாயை மூடடா என்று ஒரு கண் ஜாடை காட்டினால் போதும். காட்டவில்லை.

"அளவு தெரியல சார்" என்றான்.

ஏன் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இந்தப் பக்கம் சைபர் இல்ல சார். சந்தனம் மூடிகினு கீது. ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. நீங்களும் ரெண்டு கூட்டித்தான் சொன்னீங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்கேலை வாங்கி முனையை உற்றுப் பார்த்தார். ஈரத்துணி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெரியவங்கள எதிர்த்துப் பேசத்தான் கிளாஸ்ல சொல்லித்தர்றீங்களா?"

"பார்த்ததைச் சொல்லத்தான் சார் சொல்லித்தர்றேன். அவன் பார்த்திருக்கான்" என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. உபகரணங்கள் மிகுந்த பக்தி சிரத்தையோடு பாதுகாக்கப்படுகின்றன. சயன்ஸ் ஆசிரியருக்கு வகுப்பை அடக்கத் தெரியவில்லை, புரொபேஷனை ஒரு வருஷம் நீட்டிக்கவும். வயிறு எரிந்தது. பொய் சொல்லமாட்டேன், ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் கோதண்டனுக்கு முழு மார்க் போட்டேன். அளவே சொல்லாதவனுக்கு முழு மார்க்கா என்று ஹெட்மாஸ்டர் குதித்தார். அவன் ஒருவன்தான் ஸ்கேலைப் பார்த்தான் என்றேன்.

மேஜை சுருங்கிய கதை

அடுத்த ஆயுத பூஜைக்கு முனுசாமியைத் தனியாகப் பிடித்தேன். புதுச் சந்தனம் வைப்பதற்கு முன் பழையதைக் கழுவுவதுதானே முறை என்றேன். "ஆங், அது நாயந்தானே" என்று தேய்த்துக் கழுவினார். புதுப் பொட்டை ஸ்கேலின் பின்பக்கம் வைக்கச் சொன்னேன், வைத்தார். ஹெட்மாஸ்டர் வழக்கம்போல் கற்பூரம் காட்டினார். சாமியும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வருஷமும் அதே இன்ஸ்பெக்டர்தான். பையன்கள் அளந்தார்கள், அறுபது. அவரே அளந்தார், அறுபது. போன வருஷம் அறுபத்திரண்டு இருந்ததே என்று புருவத்தை நெரித்தார். கோதண்டன் என்னைப் பார்த்தான், நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன்.

"மரம் வத்திப்போச்சுங்க சார். இந்த வருசம் வெயில் ஜாஸ்தி" என்றார் ஹெட்மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மேஜை சுருங்கிவிட்டது, புதிது வாங்க சிபாரிசு செய்கிறேன். வகுப்பில் பையன்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். சத்தமே வரவில்லை.

சயன்ஸ் சொல்லிக்கொடுக்கப் போகிற தம்பிகளே, சாமான் பூட்டிக் கிடந்தால் அழாதீர்கள். மேஜைமேல் கொளுத்தாத மெழுகுவர்த்தி ஒன்றை வையுங்கள், எரியவில்லை என்று சொல்கிற பயலுக்கு முழு மார்க் போடுங்கள். சந்தனத்தை ஸ்கேலின் பின்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மற்றபடி இலாகா உங்களைப் பற்றி எழுதுவதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பு நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதி என்னைப் பர்மனென்ட் செய்தது, அந்த மேஜை சுருங்கிய வருஷத்தில்தான்.