வாக்கெடுப்புக்கு முன் ஒரு ஜெபம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். காஞ்சிபுரத்தில் எங்கள் சபையின் ஆலோசனைக் குழு கூடியிருக்கும் இந்த அறைக்குள் வந்து, சன்னலோரப் பெஞ்சில் அமருங்கள். செயலரின் காலடியில் கிடக்கும் துணிப்பையைப் பாருங்கள். அது ஏன் அப்படிப் புடைத்திருக்கிறது என்று என்னோடு சேர்ந்து நீங்களும் சந்தேகப்படுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்லூரிச் சொற்போர்களில் கோப்பைகளை வென்று திரும்பியவன் நான். எந்த இடத்தில் குரலை நிறுத்தினால் கைதட்டல் எழும் என்று அளந்து பேசப் பழகியவன். அந்தப் பெயர்தான் வாலிபர் பிரதிநிதியாக என்னைக் குழுவுக்குள் கொண்டுவந்தது. சபையின் நடைமுறை விதிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் உள்ளே போனேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். பேசுவோர் தலைவரை நோக்கியே பேச வேண்டும். குழு உறுப்பினர் அல்லாதார் வாய் திறக்கலாகாது.

விதிகளில் எழுதப்படாத வழக்கம் ஒன்றும் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன் தலைவரான போதகர் “ஜெபிப்போம்” என்பார். அத்தோடு விவாதம் முடிந்தது. ஆவியால் ஏவப்பட்டவர் எவரும் வாய்விட்டு ஜெபிக்கலாம்; ஜெபிப்பவரை எவரும் இடைமறிக்கக் கூடாது. கடைசி ஆமெனுக்குப் பின் நேராகக் கைகள் உயரும். எதிர்ப்பேச்சு வலுக்கும் தருணத்தில் மட்டும் போதகருக்கு ஜெப உணர்வு மேலிடுவதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

அன்று மாலை, கூட்டத்துக்கு வரும் வழியில், கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் தேவாலயத்தின் காம்பவுண்டுக் கேட்டருகே ஓர் அக்கா என்னை நிறுத்தினார். எங்கள் சபைக்காரர். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள்; அவரும் கணவரும் பட்டுத் தறி போட்டிருந்தார்கள். நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் தறியில் நெடுக்காக ஏறும் பாவு நூலைக் கழிகளில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அந்தத் தெருக்களில் இவர்களுக்கு இடம் விடுவதில்லை. இவர்களுடைய சந்திலோ வளைவுகள். ஆகவே கோயில் காம்பவுண்டின் நீண்ட மண்தரைதான் இவர்களுக்குத் தெரு.

“தம்பி, கேட்ட பூட்டப் போறாங்களாமே?”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? செயலரு பெரிய பூட்டா வாங்கிக்கினு போனத நானே பாத்தேன்பா. பாவு விரிக்க எடமில்லன்னா தறியில இன்னாத்த ஏத்துறது? என் தலமுடியவா?”

“நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒன்றும் இல்லையே, அக்கா.”

“நிரலு கெடக்குது. பூட்டு இருக்குதே!”

இப்போது அந்தப் பை உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லாப் பொருளும் முடிந்து, “தலைவர் அனுமதியுடன் பிற” என்ற கடைசி வரி வந்தது. செயலர் எழுந்தார். கோயில் நிலத்தின் பரிசுத்தத்தைக் காக்க, மாலை முதல் காலை மணி அடிக்கும் வரை கேட்டைப் பூட்டி, சாவியைத் தம் வீட்டில் வைக்க வேண்டும் என்றார். அவர் வீட்டுப் பின்கதவு அதே காம்பவுண்டில் திறக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் முடிக்குமுன்பே ஒரு மூப்பரின் கை வழிமொழிய உயர்ந்துவிட்டது. ஒத்திகை பார்க்காத கை அவ்வளவு விரைவாக உயராது.

“ஒழுங்குப் பிரச்சினை!” என்று எழுந்தேன். “முன்னறிவிப்பில்லாத தீர்மானம் இது. மேலும், முடிவெடுக்கும் முன்பே பூட்டு வாங்கப்பட்டிருப்பது…”

“ஏம்பா, இது இன்னா மைதானமா? மைக்கு வேணுமா?” என்றார் மூப்பர். சிரிப்பு எழுந்தது. சன்னலுக்கு வெளியே அக்காவின் முகம் தெரிந்தது; அவர் குழு உறுப்பினர் அல்லர், வாய் திறக்கலாகாது.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஜெபிப்போம்,” என்றார்.

என் வாய் அடைக்கப்பட்டது. எல்லாக் கண்களும் மூடின. அந்த அமைதியில்தான் எனக்குத் தோன்றியது: பேசத்தானே தடை? நான் ஜெபித்தேன்.

“ஆண்டவரே, நீளமும் அகலமுமாய் நிலத்தைப் படைத்தவரே,” என்று தொடங்கிக் குரலை நிறுத்தினேன். மேடையில் கைதட்டல் விழும் இடம் அது. இங்கே “ஸ்தோத்திரம்!” என்று விழுந்தது. “உழைக்கிற கைகளை நீர் ஒருபோதும் தள்ளினதில்லை.” “ஆமென்!” “விடியலில் இந்த வாசலுக்கு வந்து நூல் இழுக்கும் உம்முடைய பிள்ளைகளுக்கு முன்பாக…” மூச்செடுத்தேன். “இந்தக் கேட்டை எவரும் அடைக்காதிருப்பார்களாக!” “ஆமென்!” என்று அறை அதிர்ந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே ஒலித்தது வழிமொழிந்த மூப்பரின் குரல். பழக்கம் அவரைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு கண்ணைத் திறந்தேன். போதகரின் கண்களும் திறந்திருந்தன, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

“செயலர் தீர்மானத்த ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்,” என்றார் அவர். செயலரின் கை மட்டும் உயர்ந்தது.

“இன்னா மூப்பரே, கை வலியா?” என்று செயலர் சீறினார்.

“ஆமென்னு சொல்லிட்டேனேபா,” என்று மூப்பர் மடியைப் பார்த்து முனகினார். “கர்த்தர் கேட்டுக்கினு இருக்கும்போது எப்படி மாத்துறது?”

“ஜெபம் தீர்மானம் ஆகுமா, ஐயா? ஆடு மாடு நுழையுது, காவல் வேணாமா?”

“காவல் வேணும்தான்,” என்றார் போதகர். பையிலிருந்த பூட்டைக் கேட்டு வாங்கினார். கேட் இரவில் பூட்டப்படும். பாவு விரிக்கும் நாளில் விடியுமுன் திறக்கப்படும் என்று எழுதச் சொன்னார். பிறகு சாவியை என் முன்னே நீட்டினார். “ஜெபிச்சவர்தான் திறக்கணும்.”

“இவரா? சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் இவருக்கு விடியும்!” என்றார் செயலர். அவர் சொன்னதில் பொய்யில்லை. வாலாஜாபாத் வரை என் தூக்கம் பிரசித்தம்.

போதகர் எனக்கு உதவினாரா, என்னைத் தண்டித்தாரா? அவர் முகத்தில் அதற்கு விடை தேடினேன், இன்றும் தேடுகிறேன். நான் ஒரு நாள் தூங்கிவிட்டால் போதும், அடுத்த கூட்டத்தில் சாவி செயலர் வீட்டுக்குப் போய்விடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாவியோடு வெளியே வந்தேன். அக்கா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், இரண்டையும் நம்பவில்லை.

“நாளிக்கே பாவு இருக்குதுபா. வருவியா? இல்ல, மேடையில சொல்ற மாதிரியா?”

செயலரும் மூப்பரும் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழும்படி குரலை உயர்த்தினேன். இம்முறை எங்கும் நிறுத்தவில்லை.

“நீங்க கழியோடு வரும்போது கேட் திறந்திருக்கும், அக்கா. முன்னாடி நான் நின்னுக்கினு இருப்பேன்.”